வில்லியனூருக்கு எதற்கு சுவிஸ் பாயிண்ட்?

இதழுக்கு வரும் மாடல் படங்களில் அண்மைக்காலமாக ஒரு மாற்றம் தெரிகிறது. பாதை பிரியும் இடத்தில் கடையில் வாங்கிய பாயிண்டைக் காணோம். ஸ்லீப்பர் கட்டை, பேரிங் பிளேட், ஸ்லைடு சேர், செக் ரயிலைத் தாங்கும் பிளாக் என எல்லாமே வீட்டு பிரிண்டரில் பிறந்தவை. தண்டவாளம் மட்டும் உலோகம். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கண்ணை உறுத்துகிறது. மேடையில் நிற்கும் பெயர்ப்பலகையில் வில்லியனூர் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. மேடைக்கு முன்னால் கிடக்கும் பாயிண்ட் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

காரணம் எளிது. 1:87 அளவில் மீட்டர் கேஜ் கட்டுகிறவர்கள் ஐரோப்பாவில் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயையோ பிரான்சின் பழைய கிளைப்பாதைகளையோ கட்டுகிறார்கள். இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் பிரிண்ட் கோப்புகளும் அவர்கள் வரைந்தவையே. நம்மவர்கள் அவற்றை அப்படியே எடுத்து அடிக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்கள் ஒரு படி மேலே போய், ‘நம்ம ஊர் பிரெஞ்சு ஊர்தானே’ என்று பிரெஞ்சு மீட்டர் கேஜ் கோப்பைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. வரலாறு வேறு மாதிரி.

விழுப்புரம்–புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது 1879 டிசம்பர் 15. பிரெஞ்சு எல்லைக்குள் ஓடிய பன்னிரண்டு கிலோமீட்டர்ச் சொச்சம் பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். வண்டி ஓட்டியதும் பாதையைப் பார்த்துக்கொண்டதும் தென்னிந்திய ரயில்வே. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று வரும் பாதையில் ஆட்சி மாறியது, தண்டவாளம் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே பிரிட்டிஷ் வழி வந்த தட்டையடித் தண்டவாளம், அதே டாக் ஸ்பைக், அதே கிராசிங். சுப்பையா சாலை ஸ்டேஷனில் இறங்கிய பயணிக்கு ஊர் பிரெஞ்சாகத் தெரிந்திருக்கலாம். அவர் வந்த பாயிண்டுக்கும் விழுப்புரம் யார்டிலிருந்த பாயிண்டுக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. ஆகவே புதுச்சேரி ஸ்டேஷனை மாடலாகக் கட்டுகிறவர் தேட வேண்டியது தென்னிந்திய ரயில்வேயின் அளவுகளை. பிரெஞ்சுத்தனத்தை வீட்டுச் சுவர் நிறத்திலும் தெருப்பலகையிலும் காட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் பிரிண்டர் நமக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. இத்தனை காலம் நமக்குத் தெரிவு இல்லை. 12 மி.மீ. பாதை வேண்டுமென்றால் ஐரோப்பிய கம்பெனி எதைத் தருகிறதோ அதுதான். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.49 மி.மீ.; 12 மி.மீ. பாதை அரை மி.மீ. அகலம் கூடுதல். யார் கண்ணுக்கும் தெரியாது, விட்டுவிடலாம். தெரிகிற விஷயங்கள் வேறு. நம் மீட்டர் கேஜ் மரக்கட்டை 1830 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம். 1:87-இல் 21 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். கிளைப்பாதையில் கிடந்த 50 ஆர் தண்டவாளத்தின் உயரம் ஏறத்தாழ 105 மி.மீ.; மாடலில் 1.2 மி.மீ. கடையில் கிடைக்கும் கோட் 75 தண்டவாளம் 1.9 மி.மீ. உயரம். அதை நம் அளவுக்குப் பெருக்கினால் 165 மி.மீ. வருகிறது. இன்றைக்கு ராஜதானி ஓடும் பிராட் கேஜ் தண்டவாளமே அவ்வளவுதான். வில்லியனூர் லூப் லைனில் அதைப் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோட் 55 எடுத்தால் 60 ஆருக்குப் பக்கத்தில் வரும், போதும். கோட் 40 இன்னும் மெலிது, கை தேர்ந்தவர்களுக்கு.

விழுப்புரம் ஜங்ஷனைக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இந்திய பிராட் கேஜ் 1676 மி.மீ., 1:87-இல் 19.26. எல்லோரும் அதற்கு 16.5 மி.மீ. பாதையைத்தான் போடுகிறோம், வேறு வழியில்லாமல். பக்கத்தில் 12 மி.மீ. மீட்டர் கேஜ் வந்து நின்றதும் குட்டு உடைந்துவிடும். அசலில் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கும் விகிதம், மாடலில் ஒன்றுக்கு ஒன்றேகாலே அரைக்கால். இரண்டு கேஜும் ஒரே மேசையில் தெரிய வேண்டுமென்றால் பிராட் கேஜையும் கையால் கட்டுவதைத் தவிர வழியில்லை. பிரிண்ட் செய்த அடித்தளம் இருக்கும்போது அது முன்புபோல அச்சுறுத்தும் வேலை இல்லை.

அடுத்து, பாயிண்டின் கோணம். நம் ரயில்வே எண்களில் பேசுகிறது: எட்டரைக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. எட்டரைக்கு ஒன்றின் கோணம் 6 டிகிரி 42 நிமிடம். பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 4 டிகிரி 45 நிமிடம். சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு நினைவிருக்கும் பழைய சூத்திரம்: லீடு நீளம், கேஜ் பெருக்கல் எண் பெருக்கல் இரண்டு. மீட்டர் கேஜில் எட்டரைக்கு ஒன்று போட்டால் 17 மீட்டர். 1:87-இல் 195 மி.மீ. வளைவின் ஆரம் 146 மீட்டர். மாடலில் ஒன்று அறுபத்தெட்டு. ஆம், 1.68 மீட்டர். மேசை இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருக்கிய கடைப் பாயிண்டை இதன் பக்கத்தில் வைத்தால் முழங்கை மடக்கியது போலிருக்கும். ஒய்.டி.எம்.-4 இன்ஜின் ஒன்று, பின்னால் ஆறு பெட்டிகளுடன், 1.68 மீட்டர் ஆரத்தில் லூப்புக்குள் திரும்புவதைப் பார்த்தவர் மறுபடி சுருக்கிய பாயிண்டுக்குப் போக மாட்டார். இடம் இல்லையா? ஆறுக்கு ஒன்று போடுங்கள். தொழிற்சாலை சைடிங்குக்கு அது நியாயமான எண்தான். ஆனால் தெரிந்து சுருக்குங்கள்.

வரைவதற்கு இங்கிலாந்தின் மார்ட்டின் வின் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் டெம்ப்ளாட் மென்பொருளை நம் வாசகர்களில் பலர் பயன்படுத்துகிறார்கள். எந்த கேஜையும் எந்த எண்ணையும் கொடுக்கலாம். கட்டைகளைப் பிரிண்டுக்கு அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது ஒன்று: அதன் சேர்கள் பிரிட்டிஷ் புல்ஹெட் தண்டவாளத்தை முன்னிட்டு வரைந்தவை. நம்முடையது தட்டையடி. ஜியாமிதியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு பேரிங் பிளேட்டையும் ஸ்பைக்கையும் நாமே வரைய வேண்டும்.

இனி, எதைப் பிரிண்ட் செய்வது, எதைச் செய்யக் கூடாது. இதில்தான் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி கிராசிங்கின் கூர்முனையான நோஸ் முதல் நகரும் டங் ரயில் வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் அடித்துவிட்டு ‘ஒரே ராத்திரியில் பாயிண்ட்’ என்கிறது. இன்னொரு கட்சி பிரிண்டர் என்றாலே முகம் சுளிக்கிறது; கட்டையைச் சீவி, ஸ்பைக்கை ஒவ்வொன்றாக அடித்தால்தான் மாடலாம். இரண்டுக்கும் தலையாட்ட முடியவில்லை.

சக்கரம் தொடுகிற எதையும் பிரிண்ட் செய்யாதீர்கள். டங் ரயிலின் முனை கத்தி போல மெலிந்து ஸ்டாக் ரயிலோடு ஒட்டி நிற்க வேண்டும். ரெசின் அந்த மெலிவில் நொறுங்கும், இழை பிரிண்டர் அந்த மெலிவைத் தொடவே தொடாது. நோஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் தேய்மானம் ஒரு பக்கம், கரண்ட் இன்னொரு பக்கம். சின்ன மீட்டர் கேஜ் இன்ஜின் மெதுவாகப் போகும்போது நோஸில் கரண்ட் இல்லாவிட்டால் அங்கேயே குந்திக்கொள்ளும். ஆகவே நோஸ் உலோகத்தில், இரு பக்கமும் தண்டவாளத்தை வெட்டித் தனிமைப்படுத்தி, பாயிண்ட் மோட்டாரோடு சேர்ந்து மாறும் சுவிட்ச் வழியாக கரண்ட் கொடுத்து. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நோஸைப் பற்ற வைக்கும் இடத்தில் தவறுகிறவர்கள் அதிகம். வரிசை முக்கியம். பிரிண்ட் செய்த அடித்தளத்தில் தண்டவாளத்தைச் செருகிவிட்டு சால்டரிங் அயர்னை நீட்டினால் சேர்கள் உருகி உட்கார்ந்துவிடும். முதலில் நோஸைத் தனியே செய்ய வேண்டும். இரண்டு துண்டு தண்டவாளத்தை ஊசி அரத்தால் சாய்த்துத் தேய்த்து, எட்டரைக்கு ஒன்று கோணத்தில் குழி வெட்டிய ஒரு ஜிக்கில் படுக்க வைத்துப் பற்ற வைக்க வேண்டும். அந்த ஜிக்கை மரத்திலோ அலுமினியத் தகட்டிலோ செய்யுங்கள். தேய்க்கும்போது பிடித்துக்கொள்ளும் ஜிக்கை மட்டும் தாராளமாகப் பிரிண்ட் செய்யலாம். அசல் கிராசிங்கில் பாயிண்ட் ரயில் ஒன்று, அதன் தோளில் சாய்ந்து முடியும் ஸ்பிளைஸ் ரயில் ஒன்று என இரண்டும் சமமில்லை. மாடலிலும் ஒன்றை நீட்டி மற்றதைச் சற்றுப் பின்னால் நிறுத்தினால் பலமும் கூடும், தோற்றமும் சரியாக வரும். புதுச்சேரியில் நகைத்தொழில் செய்பவர் யாரையாவது தெரிந்திருந்தால் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அரம் பிடிப்பதைப் பாருங்கள். எந்த வீடியோவும் அதைச் சொல்லித்தராது.

சக்கரம் தொடாத எல்லாவற்றையும் பிரிண்ட் செய்யுங்கள். அதிலும் எது எந்த பிரிண்டரில் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். டாக் ஸ்பைக்கின் தலை அசலில் ஏறத்தாழ 38 மி.மீ.; 1:87-இல் 0.44. இழை பிரிண்டரின் வழக்கமான நாசில் 0.4 மி.மீ. அதாவது ஒரு ஸ்பைக் தலை, ஒரு கோடு இழை. உருவம் வராது, பொட்டுதான் வரும். எனவே கட்டைகளும் அடித்தளமும் இழையில், பிளேட்டும் ஸ்பைக்கும் ஸ்லைடு சேரும் ரெசினில். இரண்டையும் தனித்தனியே அடித்து, கட்டையில் விட்ட குழியில் சேரைச் செருகுவது நல்ல முறை. ஒரு சேர் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். தண்டவாளத்தின் காலைப் பிடிக்கும் உதடு கால் மி.மீ. கனம்தான் இருக்கும், சாதாரண ரெசினில் தண்டவாளத்தை நுழைக்கும்போதே டப்பென்று தெறித்துவிடும். ஏபிஎஸ் போன்றது என்று விற்கும் வளையும் ரெசின் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாள நுனியின் கீழ் விளிம்பை அரத்தால் லேசாக உருட்டிவிட்டுத் தள்ளினால், பத்து சேர்களையும் ஒரே மூச்சில் கடந்து போகும்.

எட்டரைக்கு ஒன்று பாயிண்ட் முன்பின் கட்டைகளோடு முப்பது சென்டிமீட்டரை நெருங்கும். பெரும்பாலோர் வைத்திருக்கும் பிரிண்டரின் தட்டு 220 மி.மீ. சதுரம். ஓரம் வரை மூலைவிட்டமாகப் போட்டாலும் அடங்குவது சந்தேகம். இரண்டாக வெட்டத்தான் வேண்டும். வெட்டை லீடு வளைவின் நடுவில், இரண்டு கட்டைகளுக்கு இடையே வையுங்கள். டங் ரயிலின் முனையான டோ அருகிலும் நோஸ் அருகிலும் வேண்டாம்.

செக் ரயில் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அசலில் மீட்டர் கேஜ் செக் ரயிலின் இடைவெளி 41 முதல் 44 மி.மீ.; அப்படியே சுருக்கினால் அரை மி.மீ. நாம் வாங்கும் சக்கரங்களின் விளிம்பு தடிமன் அதற்கு இடம் கொடுக்காது. ஏறத்தாழ இரண்டு மடங்கு விட வேண்டும். டங் ரயில் நகரும் தூரமும் அப்படித்தான். அசலில் பத்து சென்டிமீட்டர் அளவு, மாடலில் 1.15 மி.மீ.; அதைவிடக் கூட்டாவிட்டால் சக்கரத்தின் முதுகு திறந்திருக்கும் டங்கை உரசும். இதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்க முடியாத அளவு ஒன்று உண்டு: நோஸின் ஓடும் முகத்திலிருந்து எதிரே இருக்கும் செக் ரயிலின் தடுக்கும் முகம் வரை. சக்கரம் நோஸில் முட்டுமா முட்டாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். கேஜ் சரி, இடைவெளி சரி என்று தனித்தனியே அளந்துவிட்டு, இந்த அளவை விட்டுவிடுகிறார்கள். கையால் கட்டும்போது கேஜ் கருவி இதைப் பார்த்துக்கொண்டது. பிரிண்ட் அடித்தளத்தில் எல்லாம் ஒரே துண்டு, தப்பும் ஒரே துண்டாகவே வரும். ரெசின் ஒரு சதவீதம் சுருங்கினால் 12 மி.மீ.யில் 0.12 போகும். முழுப் பாயிண்டை அடிப்பதற்கு முன் நான்கு கட்டை நீளத்துக்கு ஒரு சோதனைத் துண்டு அடித்து, வெர்னியரில் அளந்து, கோப்பைத் திருத்துங்கள். சோம்பல் படுகிறவர்களுக்கு ரெசின் செலவுதான் வாத்தியார்.

ஐரோப்பியக் கையேடுகளில் இல்லாத ஒன்று நம் வெயில். பிஎல்ஏ இழை 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். மே மாதம் கடற்கரைச் சாலையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். கண்காட்சிக்கு எடுத்துப் போன பாயிண்ட் வாழை இலை போல வளைந்து வருவது அதனால்தான். பிஇடிஜி 80 டிகிரி வரை தாங்கும். அதற்கு மாறிவிடுங்கள். இளகாவிட்டாலும் நீளும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஜனவரி காலைக்கும் மே மதியத்துக்கும் இருபது டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், முப்பது சென்டிமீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 0.1 மி.மீ. அளவுக்கு நீளும், அதே நீள பிளாஸ்டிக் 0.4 மி.மீ. வரை. எல்லாச் சேரிலும் பசை போட்டு ஒட்டினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், அது பெரும்பாலும் சேர் உதடுதான். நோஸ் அருகே ஓர் இடத்தில் மட்டும் தண்டவாளத்தைக் கட்டிப்போடுங்கள். மற்ற சேர்களில் சும்மா நழுவட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். இழை ஈரத்தைக் குடித்து, பிரிண்ட் முழுக்க நூல் நூலாகத் தொங்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். ரெசினைக் கெட்டிப்படுத்த நம் வெயில் தாராளம், சில நிமிடங்கள் போதும். அதிகம் காட்டினால் உதடுகள் கண்ணாடியாகிவிடும். இரும்புத் தண்டவாளம் மலிவு என்று யாராவது சொன்னால், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று: ரெசின் கழுவிய ஆல்கஹாலைப் புதுச்சேரியின் பெரிய வாய்க்காலில் ஊற்றுகிறவர்கள் நம்மில் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வாய்க்கால் ஏற்கெனவே சுமப்பது போதும். வெயிலில் வைத்துக் கெட்டியாக்கி, திடக்கழிவாகக் கொடுங்கள்.

பாயிண்டோடு நின்றுவிடாதீர்கள். அன்று நம் பிரதான பாதைகளின் முகமாக இருந்தது சிஎஸ்டி-9 வார்ப்பிரும்பு ஸ்லீப்பர்தான். தண்டவாளத்துக்கு இருபுறமும் கவிழ்த்த முக்கோணக் கிண்ணம், நடுவே பிளேட், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் டை பார், அதைப் பூட்டும் காட்டர்கள். கீமேன் தினமும் நடந்து சுத்தியலால் தட்டிப்போனது இதன் சாவிகளைத்தான். கடையில் இதன் மாடல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ரெசினில் அழகாக வருகிறது. பாயிண்ட் வந்ததும் வார்ப்பிரும்பு நின்று மரக்கட்டைகள் தொடங்கும். டோ அருகே இரண்டு நீளக் கட்டைகள் மட்டும் லீவரைத் தாங்க வெளியே நீண்டிருக்கும். ஜல்லியில் பாதி முங்கிய இரும்புக் கிண்ணங்கள் முடிந்து கறுத்த கட்டைகள் தொடங்கும் அந்த இடத்தைச் சரியாகக் காட்டினால், தென்னிந்தியாவில் ரயில் ஏறிய எவருக்கும் பெயர்ப்பலகை தேவைப்படாது.

இடம் குறைவு என்று தயங்குகிறவர்கள் இன்னும் குறுகிய கேஜ்களைப் பார்க்கலாம். பஞ்ச காலத்தை எண்ணிப் போடப்பட்ட இரண்டரை அடிப் பாதைகள் நம்மிடம் இருந்தன: 1905-இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, 1906-இல் மொரப்பூர்–தருமபுரி. இரண்டாவது 1913-இல் ஓசூர் வரை போனது. இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஏறிய தேயிலைப் பாதையும் இதே கேஜ். 762 மி.மீ. 1:87-இல் 8.76, 9 மி.மீ. பாதையும் என் கேஜ் சக்கரங்களும் நேராகப் பொருந்தும். இவற்றை யாரும் இதுவரை நம் பக்கங்களில் கட்டிக் காட்டவில்லை என்பது ஆசிரியருக்கு ஒரு குறை.

அளவுகள் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருவோம். விழுப்புரம்–புதுச்சேரி பிராட் கேஜாகிவிட்டது, புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட்டில் நின்று பார்த்தால் கான்கிரீட் ஸ்லீப்பரும் மின்கம்பியும்தான். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் வண்டி இன்னும் ஓடுவது நீலகிரி மலைப்பாதையில் மட்டும். பல்சக்கரப் பாதை கல்லாறில்தான் தொடங்குகிறது. ஆகவே மேட்டுப்பாளையத்தில் சாதாரண மீட்டர் கேஜ் பாயிண்டுகளை மேடையிலிருந்தே பார்க்கலாம். அளவெடுக்க யார்டுக்குள் இறங்க அனுமதி வேண்டும், கேட்டுப் பெறுங்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் சென்னை ஐ.சி.எஃப். அருங்காட்சியகத்திலும் மீட்டர் கேஜ் வண்டிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வண்டியைப் படம் எடுக்கும்போது அது நிற்கிற பாதையையும் எடுங்கள். மிச்சம் வேலிக்கம்பமாகவும் கொட்டகை உத்திரமாகவும் நம் ஊர்களில் நிற்கிறது. தண்டவாளத்தின் இடுப்பில் எடையும் ஆண்டும் பெரும்பாலும் பொறித்திருக்கும். சுண்ணாம்பைச் சுரண்டிப் படிக்கலாம்.

அடுத்த இதழிலிருந்து இங்கே ஒரு விதி. பாயிண்ட், ஸ்லீப்பர், சேர் எதற்கான பிரிண்ட் கோப்பையோ வரைபடத்தையோ அனுப்பினாலும், அளவு எங்கிருந்து வந்தது என்பது அதோடு வர வேண்டும். நேரில் அளந்ததா, ரயில்வே வரைபடத்திலிருந்து எடுத்ததா, படத்தைப் பார்த்து மதிப்பிட்டதா? மூன்றும் வெளியாகும், எது என்று சொல்லாதது வெளியாகாது. நேரில் அளந்ததென்றால் ஊர், தண்டவாள எடை, கட்டைகளின் இடைவெளி, அடிக்கோல் வைத்து எடுத்த ஒரு படம் ஆகியவற்றைச் சேருங்கள். வெளிநாட்டுக் கோப்பைத் திருத்தியிருந்தால் மூலத்தை வரைந்தவர் பெயரையும், எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். செக் ரயில் அளவை மட்டும் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். சராசரியை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.